நான் நிமிர்த்தி வைத்த தண்ணீர் டேங்க்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. சென்னையில் ட்ரோன் பறக்கவிடுகிறவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. கேமராவைக் கடற்கரைப் பக்கம் திருப்பினால் வானமும் தண்ணீரும் சேரும் கோடு பளிச்சென்று தெரியும். படம் சாய்ந்திருந்தால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். மைசூரில் எந்தப் பக்கம் திருப்பினாலும் மேடு, பள்ளம், தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் சாமுண்டி மலை. மலை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். அதை வைத்துக்கொண்டு எது நேர், எது கோணல் என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் வருகிற வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் மலை வேண்டும். கல்யாணமோ காதுகுத்தோ, புதிதாகப் போட்ட லேஅவுட்டோ, பின்னால் மலை தெரியாவிட்டால் முகம் சுருங்கிப் போகும்.

அதனால் எடிட்டிங்கில் உட்காருகிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒன்றைத் தேடுவோம். ஒரு கட்டடத்தின் மூலை, ஒரு மின்கம்பம், செல்போன் டவர், ஏதாவது ஒன்று. அது திரையில் செங்குத்தாக நிற்கும்வரை மொத்தப் படத்தையும் மெல்லத் திருப்புவோம். திருப்பும்போது ஓரத்தில் கறுப்பாகத் தெரியும் மூலைகளை வெட்டி எறிந்துவிட்டால் வேலை முடிந்தது. நான் திருத்திக் கொடுத்த படத்தில் கோணல் கண்டுபிடித்தவர் இதுவரை யாரும் இல்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. இப்போது அதை யாரிடமும் சொல்வதில்லை.

விஜயநகரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். ட்ரோனைப் பறக்கவிடுவது என் கணவர், படத்தை வெட்டி ஒட்டுவது நான். அவருக்குப் பொறுமை அதிகம், எனக்கு வாய் அதிகம். இருவரும் சேர்ந்து ஒரு தொழிலை நடத்துகிறோம் என்றால் அதற்கு முழுக் காரணம் அவருடைய பொறுமை என்று எங்கள் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் ஒரு மாதம் இங்கே வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

வெளிவட்டச் சாலைக்கு அப்பால் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பவிருந்தது. கட்டுகிறவர்கள் எங்களிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். மாதம் ஒரு முறை போய்ப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடம், ஒரே உயரம், ஒரே பார்வை. ஒரு தடவை குறித்து வைத்துவிட்டால் போதும், அடுத்த மாதம் ட்ரோன் தானாக அந்த இடத்துக்குப் போய் நிற்கும். கடைசியில் எல்லா மாதங்களையும் சேர்த்து ஒட்டினால் வெறும் மண்ணிலிருந்து வீடு முளைக்கிற மாதிரி இருக்கும். வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு.

நாங்கள் போக ஆரம்பித்தபோது அங்கே ஒரு பெரிய பள்ளம் மட்டும்தான் இருந்தது. அடித்தளத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் மேடும் புதரும், பின்னால் வழக்கம்போல மலை. அந்த இடத்தில் முன்பு ஏதோ சின்னத் தொழிற்சாலை இருந்ததாம். அது விட்டுப்போன உயரமான தண்ணீர் டேங்க் ஒன்று பள்ளத்தின் ஓரமாக, நான்கு கான்கிரீட் கால்களில் நின்றது. கட்டட வேலைக்கான தண்ணீரை அதில்தான் ஏற்றினார்கள். எங்கள் படத்தில் நிமிர்ந்து நின்றது அது ஒன்றுதான். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

டேங்கைச் சுற்றி நிழல் இருந்ததால் கூலிக்காரர்களின் தகரக் கொட்டகைகளும் அங்கேயே இருந்தன. பெரும்பாலும் ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் பஸ் நிற்கிற ஏதோ ஓர் ஊர்தான் பலருக்கும். நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் அவர்களில் ஒரு பெண் என்னோடு ஒட்டிக்கொண்டாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். அவளும் புருஷனும் ஒன்றாக வேலைக்குப் போவார்கள். கைக்குழந்தைக்கு டேங்க் கால்களுக்கு நடுவே போகிற கான்கிரீட் சட்டத்தில் பழைய புடவையால் தூளி கட்டியிருந்தாள். "எப்பவுமே வெயிலு அடிக்காதுங்க்கா, காத்தும் நல்லா வரும்" என்பாள். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது.

முதல் மாதப் படத்தில் டேங்க் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. இது வழக்கமான விஷயம். கேமராவை மட்டமாகத் தாங்கிப் பிடிக்கிற கிம்பல் என்கிற பாகம் சில சமயம் கொஞ்சம் பிசகும். நான் படத்தைத் திருப்பி நிமிர்த்தினேன். அடுத்த மாதம் சாய்வு கூடியிருந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம்.

"உங்க ட்ரோன் என்ன, குடிச்சிட்டுப் பறக்குதா?" என்றேன்.

"கேலிப்ரேட் பண்ணிட்டா சரியாயிடும் கணே, சும்னே கத்தாதே" என்றார் அவர். சும்மா கத்தாதே என்பதைப் பாதிக் கன்னடத்தில்தான் சொல்வார்.

கேலிப்ரேட் பண்ணுவது என்றால் ட்ரோனுக்கு எது மட்டம், எது வடக்கு என்று முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பது. அதற்கு அசையாத, மட்டமான ஓர் இடத்தில் அதை வைக்க வேண்டும். அவர் மொட்டை மாடியில் வைத்தார். மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் வழிந்து ஓடுவதற்குச் சரிவு விட்டிருப்பார்கள் என்று வீடு கட்டின எல்லோருக்கும் தெரியும், இவருக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் வைக்கச் சொன்னேன். அதன் ஒரு கால் குட்டை. கடைசியில் கேரம்போர்டைத் தரையில் போட்டு, அடியில் மடித்த அட்டைகளைச் செருகி, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற மாமாவிடம் ரசமட்டம் வாங்கி வந்து வைத்துப் பார்த்து, குமிழ் நடுவில் வந்து நின்ற பிறகு ட்ரோனை அதன் மேல் வைத்தோம். அது மல்லாந்து, குப்புற, பக்கவாட்டில் என்று எல்லா ஆசனமும் போட்டது. பிறகு திசை காட்டியைச் சரிசெய்ய அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரே இடத்தில் சுற்ற வேண்டும். இரும்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவர் சாவி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டு மாடியில் சுற்றினார். பக்கத்து வீட்டு மாமா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனப்பா, யாவ பூஜே இது?" என்று, என்ன பூஜை நடக்கிறதென்று கன்னடத்தில் கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அடுத்த மாதம் சாய்வு குறையவில்லை, அதிகமாகியிருந்தது. சிரிப்பு போய்க் கோபம் வந்தது. கிம்பலைக் கழற்றிப் பெங்களூருக்கு அனுப்பிப் புதிது போட்டு வந்தோம். அதனால் அந்த மாதப் படம் தாமதமானது. கட்டட எஞ்சினீயருக்கு நானே போன் செய்து, எங்கள் ட்ரோனில் சின்னக் கோளாறு, படம் சாய்ந்து விழுகிறது, சரிசெய்து அனுப்புகிறோம் என்று சொன்னேன். நல்ல மனிதர், பரவாயில்லை மேடம், மெதுவாக அனுப்புங்கள் என்றார்.

புதுக் கிம்பல் போட்டும் டேங்க் சாய்ந்துதான் இருந்தது. விசித்திரம் என்னவென்றால், அதே ட்ரோனில் எடுத்த கல்யாணப் படங்களில் கோணலே இல்லை. கட்டட வேலை நடக்கிற அந்த இடத்தில் மட்டும்தான். இதற்கும் என் கணவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"அங்க கம்பி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கில்ல? அந்த இரும்புதான் அதைக் குழப்புது."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. நானும் ஒப்புக்கொண்டேன். அந்த இடத்துப் படத்துக்கென்றே ஒரு திருத்தத்தைக் கணினியில் சேமித்து வைத்து, மாதாமாதம் அதன் அளவை மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு தட்டு தட்டினால் டேங்க் சட்டென்று நிமிர்ந்து நிற்கும். ஆள் வைத்துத் தூக்கி நிறுத்தின மாதிரி அவ்வளவு நேராக.

அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். முந்தின நாள் எடுத்த படத்தைத் திருத்திவிட்டு, காப்பியைக் குடித்துக்கொண்டே ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை ட்ரோன் கீழே இறங்கும்போதும் அவர் பதிவை நிறுத்தாமல் விட்டிருந்தார். அதனால் டேங்கின் கால்கள் கிட்டத்தில் தெரிந்தன. தூளியும் தெரிந்தது. குழந்தை உள்ளே இருந்தது, புடவை நன்றாகக் கனத்துத் தொங்கியது.

தூளி சாய்ந்து தொங்கியது.

காற்று என்று நினைத்தேன். பக்கத்தில் கொடியில் காய்ந்த துணி அசையவில்லை. யாரோ ஆட்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆடுகிற தூளி திரும்பி வர வேண்டும் அல்லவா? இது வரவில்லை. ஒரு பக்கத்துக் காலை நோக்கி ஒதுங்கி, அப்படியே நின்றது. கனமுள்ள ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அது நேராகக் கீழேதான் தொங்கும். என் படத்தில் மட்டும் ஏன் சாய்கிறது?

திருத்தத்தை எடுத்தேன். தூளி நேராகத் தொங்கியது, டேங்க் சாய்ந்தது. திருத்தத்தைப் போட்டேன். டேங்க் நிமிர்ந்தது, தூளி சாய்ந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடி போட்டேன். கை தானாகத் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்குக் காது அடைத்துப்போனது. கத்தினேன் என்று பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் என் கணவர் பாதி சவரம் செய்த முகத்தோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார்.

"என்னாச்சு? ஷாக் அடிச்சுதா?"

நான் திரையைக் காட்டினேன். போட்டு, எடுத்து, போட்டுக் காட்டினேன். அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு, போன மாதம் வெளிவட்டச் சாலை தெரிய வேண்டும் என்று கேட்டார்களென்று எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு துண்டுப் படத்தைத் தேடித் திறந்தார். அது வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தது, நான் திருத்தாதது. அதில் டேங்க் மறுபக்கமாகச் சாய்ந்திருந்தது.

"கேமரா கோணலா இருந்தா எந்தப் பக்கம் நின்னு எடுத்தாலும் ஒரே பக்கம்தான் சாயணும்" என்றார். திரையில் விரலை வைத்தார். "இது பள்ளத்தைப் பார்த்துதான் சாயுது. ரெண்டுலயும் பள்ளத்தைப் பார்த்து."

ட்ரோன் முதல் மாதத்திலிருந்து உண்மையைத்தான் காட்டியிருக்கிறது. நாங்கள் அதை மல்லாத்தி, குப்புறப் போட்டு, பெங்களூருக்கு அனுப்பி, பாகம் மாற்றி, திட்டித் தீர்த்திருக்கிறோம். அது திரும்பி வந்து திரும்பத் திரும்ப அதையே காட்டியிருக்கிறது. பழைய படங்களையெல்லாம் திருத்தமில்லாமல் வரிசையாகத் திறந்து பார்த்தேன். மாதத்துக்கு மாதம் டேங்க் பள்ளத்தின் பக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. மாதத்துக்கு மாதம் நான் அதை நிமிர்த்தி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

எஞ்சினீயருக்குப் போன் செய்தோம், எடுக்கவில்லை. என் கணவர் முகத்துச் சோப்பைத் துடைத்தும் துடைக்காமலும் ஸ்கூட்டரை எடுத்தார். ட்ரோன் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். வெளிவட்டச் சாலை முழுவதும் எனக்குக் கண்ணில் அந்தத் தூளி மட்டும்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, வேலை கிடையாது, எல்லோரும் கொட்டகையில்தான் இருப்பார்கள் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

அப்படித்தான் இருந்தார்கள். ஒருத்தி தலை சீவிக்கொண்டிருந்தாள், இருவர் டேங்க் காலில் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், அடுப்பில் குழம்பு கொதித்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் நேராகப் போய்த் தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அதன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏனுங்க்கா? என்னாச்சுங்க?"

"இங்க நிக்காத. எல்லாரையும் கூட்டிட்டு அந்தப் பக்கம் போ. டேங்க் சாயுது."

அவள் டேங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொட்டகைக்குள் இருந்த அரிசியையும் துணியையும் பார்த்தாள். நகரவில்லை. அதற்குள், அங்கேயே தங்கியிருக்கும் எஞ்சினீயர் தன் அறையிலிருந்து வந்துவிட்டார். நான் மூச்சுவிடாமல் கன்னடத்தில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்தார்.

"மேடம், இது நீங்கள் கொடுத்த வீடியோதானே? ஓனர் கூட்டத்தில் எல்லோரும் பார்த்தோம். இந்த டேங்க் பழசு, பக்கத்தில் பள்ளம் தோண்டுகிறோம், ஒன்றும் ஆகாதா என்று ஒருவர் கேட்டார். இதைத்தான் போட்டுக் காட்டினேன். பாருங்கள், ஆறு மாதமாக ஓர் இழை அசையவில்லை."

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். என் படம். என் டேங்க். எல்லா மாதத்திலும் குத்துக்கல் மாதிரி நின்றது.

ஒரு பொய்யை நாம் சொல்லாமலேயே அது நம் பெயரில் இத்தனை நாளாக உலவிக்கொண்டிருந்ததை முதன்முறையாகப் பார்க்கிறபோது மனிதருக்கு என்ன ஆகுமோ, அது எனக்கு ஆனது. இடுப்பில் இருந்த குழந்தை என் தாலிச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"அதை நிமிர்த்தினது நான்!" என்று கத்தினேன். "படத்தைத் திருப்பினேன். டேங்க் நேராக இல்லை, படம்தான் நேராக இருக்கிறது!"

அவருக்குப் புரியவில்லை. என் கணவர் ட்ரோனை அங்கேயே பறக்கவிட்டு, கையிலிருந்த திரையில் டேங்க் சாய்ந்திருப்பதை அவருக்குக் காட்டினார். எஞ்சினீயர் சிரித்தே விட்டார்.

"உங்கள் ட்ரோன்தான் கோளாறு, படம் சாய்ந்து விழுகிறது என்று மேடமே எனக்குப் போன் செய்தாரே?"

எந்தப் பக்கம் போனாலும் எங்கள் வாயே எங்களை மறித்துக்கொண்டு நின்றது. என் கணவர்தான் கடைசியில் கையைக் கூப்பினார். "சார், எங்களை நம்பவே வேண்டாம். எங்கள் படத்தையும் நம்ப வேண்டாம். ஒரு தூக்குக் குண்டு தொங்கவிட்டுப் பாருங்கள். அது போதும்."

எங்களை அனுப்பி வைத்தால் போதும் என்றுதான் அவர் ஒப்புக்கொண்டிருப்பார். ஏணி வந்தது. தூளி கட்டியிருந்த அதே சட்டத்தின் ஓரத்தில், காலை ஒட்டி, நூலைக் கட்டிக் குண்டைக் கீழே விட்டார். அது சுற்றிச் சுற்றி ஆடி நின்றது. மேலே காலை ஒட்டித் தொடங்கிய நூல், கீழே வரும்போது காலைவிட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. எஞ்சினீயர் குனிந்து அந்த இடைவெளியில் தன் கையை வைத்துப் பார்த்தார். கை தாராளமாக உள்ளே போனது. பிறகு எழுந்து பள்ளத்தின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்து மண் முழுவதும் ஊறிக் கறுத்திருந்தது. திரும்பி ஓடி வந்தார்.

"மோட்டாரை நிறுத்து!" என்று அலறினார். "எல்லாரும் வெளியே! சாமானை விடு, ஆள் வெளியே!"

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டமும் சத்தமும்தான். குழம்புச் சட்டியைத் தூக்கப் போன ஒருத்தியை அவள் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். எல்லோரையும் எதிர்ப்பக்கம் சிமென்ட் வைக்கிற ஷெட்டுக்குப் போகச் சொன்னார்கள். தண்ணீரை மெல்லத் திறந்துவிட்டார்கள். சுற்றிலும் கயிறு கட்டினார்கள். டேங்கைப் பிற்பாடு ஆள் வைத்து உடைத்து இறக்கினார்கள். அன்று அது விழவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள், அப்புறம் என்ன, நல்லதாகத்தானே முடிந்தது என்கிறார்கள்.

தண்ணீர் வடிந்துகொண்டிருந்தபோது நான் சிமென்ட் ஷெட்டின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை என் தோளில் தூங்கிப்போயிருந்தது. அதன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் பாக்காம உட்டிருந்தீங்கன்னா எங்க கதி என்னங்க்கா" என்றாள். "அது சாஞ்சாப்பல இருக்குதுன்னு எங்களுக்கும் பட்டுதுங்க. எங்கூட்டுக்காரரு எஞ்சினீயரு ஐயாகிட்ட கேக்கக் கூடச் செஞ்சாருங்க. மாசாமாசம் மேல பறந்து பாத்துட்டுப் போறாங்கல்ல, எதாச்சும் இருந்தா அவங்க சொல்ல மாட்டாங்களான்னு ஐயா சொன்னாருங்க. எங்களுக்கும் செரின்னு பட்டுது. தள்ளிப் புதுசா ஒரு கொட்டாய் போட்டுத் தாரோம்னு சைட்டுக்காரங்க சொன்னாங்க, நாந்தான் வேண்டாம்னுட்டேன். அக்காதான் மேல இருந்து பாக்குறாங்களேன்னு புள்ளைய அங்கியே போட்டு வெச்சனுங்க."

அவள் முகத்தில் குற்றம் சொல்கிற சாயலே இல்லை. நன்றிதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். என்னால் அதை அவள் கையில் கொடுக்க முடியவில்லை. என் கணவர்தான் வந்து என் தோளிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார்.